மூன்றாம் குடிலில் கண்டது

"அப்பா, நம்ம மூணாம் நம்பருக்கு நேரா மட்டும் இன்னும் காலியாவே இருக்குப்பா!"

சாப்பாட்டுக் கூடம் முழுக்கக் கேட்டது. ஒன்பது வயது மகளுக்கு மெதுவாகப் பேசவே வராது. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பேர்.

கண்ணாடிக்காரர் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஜீப்பில் மூன்று மணி நேரம், அப்புறம் படகில் ஒரு மணி நேரம் என்று இந்த மழைக்காட்டு விடுதிக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். நடுக்காட்டில் பஞ்சு மெத்தை, வெந்நீர், சூரிய மின்சாரம், வராந்தாவில் ஊஞ்சல் நாற்காலி! வந்த அன்றைக்கே மெத்தையில் விழுந்து புரண்டு, "காடுன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

அவருடைய நிம்மதியைக் கெடுத்தது கூடத்துச் சுவரில் இருந்த கரும்பலகைதான். தினமும் காலையில் அவரவர் குடில் எண்ணுக்கு நேராக, என்ன பார்த்தோம் என்று சாக்பீஸால் எழுத வேண்டும். அரிய பிராணியைப் பார்த்தவர்களுக்காக விடுதியின் வழிகாட்டி மணி அடிப்பார். பார்த்தவர் எழுந்து நின்று கதை சொல்ல, எல்லோரும் கை தட்டுவார்கள்.

நான்காம் குடிலுக்கு நேராக இடமே இல்லை. மலை அணில், இருவாச்சி ஜோடி, நீர்நாய்க் குடும்பம். அது சகலையின் குடில். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்.

"பதினஞ்சு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து ரோட்டைப் பாத்த கண்ணு சகலை!" என்று அவர் மார்தட்டினார். "நீங்க ஊருக்கே கண்ணு டெஸ்ட் பண்றீங்க. உங்களுக்கு ஒரு அணில் கூடத் தெரியலையே!"

குறை கண்ணில் இல்லை, தொழில்புத்தியில் இருந்தது. அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்க அவர் மனசு ஒப்பாது. மலை அணில் தாவியபோது பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவாச்சி பறந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீர்நாய்கள் வந்தபோது, விடுதிச் சமையல்காரம்மாவின் வளைந்துபோன கண்ணாடியை நிமிர்த்தி, திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். "இப்பதான் சார் அரிசியில கல்லே தெரியுது" என்று அந்த அம்மா பூரித்துப்போனார். ஆனால் அதைப் பலகையில் எழுத முடியாதே.

"இன்னிக்காவது ஏதாவது எழுதுப்பா. பெரியப்பா சிரிக்கிறாரு" என்றாள் வாலு. குரல் கொஞ்சம் உடைந்தது.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று எழுந்து போய் சாக்பீஸை எடுத்தார். 'குருவி' என்று எழுதிவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் உத்தேசம். முதுகுக்குப் பின்னால் சகலையின் குரல் வந்தது.

"என்ன சகலை, கொசுவா?"

கை தானாக எழுதியது: 'கருஞ்சிறுத்தை. வராந்தாவுக்கு எதிரே. காலை 6 மணி.'

வழிகாட்டியின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

"சார்! எட்டு வருஷமா இங்க இருக்கேன் சார்! ஒரு தடவை கூட நான் பாத்ததில்ல!"

மணி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். கூடமே எழுந்து நின்று கை தட்டியது. வாலு நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். "எங்கப்பா! எங்கப்பாதான் பாத்தாரு!"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த அப்பனுக்குத்தான் உண்மை சொல்ல வாய் வரும்?

"எவ்வளவு நீளம் சார்?"

"இந்த... சோபா நீளம்."

"உங்களைப் பாத்துச்சா?"

"பாத்துச்சே! நேருக்கு நேர்."

மனைவி அவர் காதருகே குனிந்தாள். "ஆறு மணிக்கு நீங்க என் தலகாணியையும் சேத்துக் கட்டிப்புடிச்சுக் குறட்டை விட்டுட்டு இருந்தீங்க."

"மெதுவா பேசு!"

பத்தே நிமிஷத்தில் விடுதி மொத்தமும் மூன்றாம் குடில் வாசலில். வழிகாட்டி மண்டியிட்டு ஈர மண்ணை அங்குலம் அங்குலமாகத் தேடினார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது. "ஒரு தடம் கூட இல்லையே சார்."

"பறந்து வந்திருக்கும்" என்றார் சகலை.

"அது மண்ணுல எங்க நின்னுச்சு? மரத்து மேல இல்ல இருந்துச்சு!" என்றார் கண்ணாடிக்காரர்.

வழிகாட்டி எதிரே இருந்த மரத்தில் சரசரவென்று ஏறினார். உச்சி வரை தேடினார். "ஒரு நகக்கீறல் கூட இல்லையே சார்!"

"நாளைக்குக் கண்டிப்பா திரும்ப வரும். வந்தா கீழதான் இறங்கும்."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான், இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. சகலை கையைக் கட்டிக்கொண்டார். "சரி. நாளைக்குக் காலைல தடம் இல்லைன்னா, குழந்தைகிட்ட நீங்களே உண்மையைச் சொல்லிடணும். ஏமாத்தக் கூடாது."

வாலு அதற்குள் அந்தச் சிறுத்தைக்கு நாலு படம் வரைந்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆள், பயமே இல்லாமல் நின்றார்.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் சமையலறைக்குப் போனார். "அம்மா, பெரிய உருளைக்கிழங்கு ஒண்ணு, சின்னதா ஒண்ணு வேணும்."

"பசிக்குதா சார்? வேக வெச்சுத் தரேனே?"

"வேண்டாம்மா. பச்சையாவே குடுங்க."

சமையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்னால், வெளிச்சம் லேசாகப் பரவும் நேரத்தில், அவர் வாசல் மண்ணில் குந்தியிருந்தார். மழை பெய்து மண் பதமாக இருந்தது. பெரிய கிழங்கைப் பாதியாக வெட்டி அழுத்தினால் உள்ளங்கால். சின்னக் கிழங்கின் நுனியை அழுத்தினால் விரல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அழகு! உள்ளுக்குள் ஒரு குஷி. சின்ன வயசில் மாங்காய் அடித்த குஷி.

பின்னால் இலைகள் சலசலத்தன. ஒரு பெருமூச்சு. மனைவிதான். வரமாட்டேன் என்று சொன்னவள், மனசு கேட்காமல் வந்துவிட்டாள்.

"நிஜம் மாதிரி இருக்கா?" என்றார் திரும்பாமலே.

பதில் இல்லை.

"முறைக்காத. போய்ப் படு. ரெண்டு தடம்தான் பாக்கி."

ஏழரை மணிக்கு வழிகாட்டி போட்ட கூச்சலில் மரத்துப் பறவைகளெல்லாம் எழும்பிப் பறந்தன. "தடம்! தடம் சார்!" எல்லோரும் ஓடி வந்தார்கள். வழிகாட்டி குனிந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"சார்... சிறுத்தைக்குத் தடத்துல நாலு விரல்தான் பதியும். இதுல அஞ்சு இருக்கே?"

சகலையின் முகம் தீபமாகப் பிரகாசித்தது.

"சிலதுக்கு... அஞ்சு இருக்குமோ என்னவோ" என்றார் கண்ணாடிக்காரர்.

"கவலைய விடுங்க சார்! நேத்தே அந்த மரத்துல தானியங்கி கேமரா கட்டிட்டேன். எது அசைஞ்சாலும் படம் எடுத்துரும். ஆள் நடமாட்டம் கூடாதுன்னுதான் யாருக்கும் சொல்லல. வாங்க, கூடத்துல பெரிய திரையில போட்டுப் பாத்துரலாம்!"

கூட்டம் ஆரவாரமாகக் கூடத்துக்கு ஓட, கண்ணாடிக்காரர் வாலுவின் கையைப் பிடித்து வாசலிலேயே நிறுத்தினார். திரையில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. மண்டியிட்டார்.

"வாலு, அப்பா பொய் சொல்லிட்டேன்டா. சிறுத்தை எதையும் நான் பாக்கல. அந்தத் தடமும் நான் போட்டதுதான்."

வாலு நேராகக் கூடத்துக்குள் போனாள். முக்காலியைப் போட்டு ஏறி, பலகையில் மூன்றாம் எண்ணுக்கு நேராக இருந்ததைத் துணியால் துடைத்தாள். பின்னாலேயே வந்த அவர் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அதற்குள் திரையில் முதல் படம் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில், கையில் உருளைக்கிழங்கோடு, லுங்கியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்தார் கண்ணாடிக்காரர். நாக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கூடம் அதிர்ந்தது. சகலை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வழிகாட்டிகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் மனைவி பக்கம் சாய்ந்தார். "நல்லவேளை, நீயாவது படத்துல விழல."

"நான் ஏன் விழணும்?"

"பின்னாடி வந்து நின்னு பெருமூச்சு விட்டியே?"

"நானா? நான் எழுந்ததே ஏழு மணிக்குங்க."

தேநீர்த் தட்டோடு வந்த சமையல்காரம்மா திரையருகே நின்றுவிட்டார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, படத்தின் மூலையில் இருந்த புதரை உற்றுப் பார்த்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். பலகைக்குப் போய் சாக்பீஸை எடுத்து வாலுவின் கையில் திணித்தார்.

"அழிச்சதைத் திரும்ப எழுது கண்ணு. உங்கப்பா முதுகுக்குப் பின்னாடி உக்காந்து உருளைக்கிழங்கை வேடிக்கை பாக்குது பாரு, உன் சிறுத்தை."