ஒரு இருபத்தைந்தும் ஒரு ஐம்பத்திரண்டும்

விசில் ஊதத் தெரிந்தால் போதும், தலைமைப் பண்பு தானாக வந்துவிடும் என்று பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தவள் நான். விசிலை நன்றாகவே ஊதுவேன். திருமுல்லைவாயிலில் நான் ஊதினால் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவர் பிரேக் பிடிப்பார்.

எங்கள் பெண்கள் அணியைத் தொடங்கியவர் நசீமா டீச்சர். பூந்தமல்லிக்காரர், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த பெண் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் மைதானத்துக்கு இழுத்துவந்து, மேடையில் பேசவும், கூடாரம் கட்டவும், தனியாக ரயிலேறிப் போய் வரவும் பழக்கியவர். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அணியின் மூத்த தலைவியாகியிருந்தேன். (மூத்தது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.)

அந்த வருடம் அணிக்கு வெள்ளிவிழா. டீச்சருக்குத் தெரியாமல் ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். யோசனை என்னுடையது. அறுபது பெண்கள் மைதானத்தில் ‘25’ என்ற வடிவத்தில் நிற்பார்கள். மாடியிலிருந்து படம் எடுப்போம். அதைச் சட்டம் போட்டு மேடையில் கொடுப்போம்.

விழா அன்று காலை ஆறு மணிக்கே சுண்ணாம்புப் பொடியோடு மைதானத்தில் இருந்தேன். வளைவு போடக் கை வராததால், கால்குலேட்டரில் தெரிவதுபோல நேர்கோடுகளாலேயே இரண்டையும் ஐந்தையும் வரைந்தேன். பள்ளியின் பெரிய கட்டடம் கிழக்கே. அதன் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். நானே ஏறிப் பார்த்தேன்.

ஏழு மணிக்குப் படம் எடுக்கிற மணி அண்ணன் வந்தார். மாடிக் கதவு அதற்குள் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

“இன்னாம்மா, கதவு பூட்டிக்கினு கீது. எதிர்ப்பக்க மாடி தொறந்து கீது, அங்க ஏறிக்கட்டா?” என்றார்.

“ஏறுங்கண்ணே. உயரம்தானே முக்கியம்” என்றேன், பல படங்களை இயக்கியவள்போல.

அவர் மேற்கு மாடிக்கு ஏறினார். நான் விசில் ஊதி, அறுபது பேரையும் அந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னேன். ஐந்தின் ஒரு மூலையில் நின்றிருந்த ஏழாம் வகுப்பு தேவி கையைத் தூக்கினாள்.

“அக்கா, அந்தாண்ட இருந்து பாத்தா நம்பர் மாறிடும்க்கா.”

“தேவி, வரிசையில நிக்கும்போது பேசக் கூடாது.”

“இல்லக்கா, தலகீழா…”

மறுபடி விசில் ஊதினேன். தேவி வாயை மூடிக்கொண்டாள். (முந்தின மாதம்தான் ‘நல்ல தலைவி காது கொடுத்துக் கேட்பாள்’ என்ற தலைப்பில் பேசி முதல் பரிசு வாங்கியிருந்தேன். சில்வர் டப்பா. இன்னும் அதில்தான் மிளகு வைத்திருக்கிறோம்.)

மாடியிலிருந்து மணி அண்ணன் கட்டைவிரலைக் காட்டினார். “சூப்பரா கீதும்மா.”

பத்து மணிக்கு விழா. ஒன்பதரைக்கு, மணி அண்ணன் படத்தை அச்சிடக் கொடுத்திருந்த கடைக்கு ஸ்கூட்டியில் பறந்தேன். சட்டம் போட்டு, மினுமினுக்கும் பரிசுத்தாளில் சுற்றித் தயாராக வைத்திருந்தார்கள். “பிரிச்சிப் பாத்துடறீங்களா?” என்று கேட்டார் கடைக்காரர். “வேணாங்க, நம்பிக்கை இருக்கு” என்றேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் என் அம்மாவும் அண்ணனும். சிறப்பு விருந்தினர் பத்மாவதி அம்மாள். மேனாம்பேட்டில் ஊறுகாய் தயாரிக்கும் தொழில் நடத்துகிறவர், நல்ல மனசுக்காரர். வந்திருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு மாங்காய் ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்திருந்தார். நான் மைக்கில், “எங்கள் இருபத்தைந்து ஆண்டு அன்பின் அடையாளம்” என்று குரலை நடுங்கவிட்டுச் சொல்லிப் பரிசை நீட்டினேன். பத்மாவதி அம்மாள் தாளைக் கிழித்து, படத்தைக் கூட்டத்துக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

அறுபது பெண்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பளிச்சென்று, துல்லியமாக, 52.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. பத்மாவதி அம்மாள் படத்தைப் பார்த்தார், பின்னால் இருந்த பேனரில் ‘25’ஐப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது.

“அடடே, அணிக்கு இருபத்தஞ்சு, டீச்சருக்கு அம்பத்திரெண்டா? எவ்ளோ அழகா யோசிச்சிருக்குதுங்க புள்ளைங்க. பிறந்தநாள் வாழ்த்துகள் டீச்சர்.”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டீச்சரின் வயது எங்கள் வட்டாரத்தில் ராணுவ ரகசியம். நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்காது என்பது எங்கள் கணிப்பு. யாராவது கேட்டால், “நூறு மீட்டர் ஓடிக் காட்டட்டா?” என்பார். கேட்டவர் போய்விடுவார்.

டீச்சர் மெதுவாக எழுந்து மைக்கருகே வந்தார். கண் கலங்கியிருந்தது. என்னை அணியிலிருந்து நீக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள் இல்ல” என்றார். “ஆனா வயசு சரிதான். இந்தப் பசங்ககிட்ட இத்தனை வருஷமா நான் மறைச்சது இது ஒண்ணுதான். அதையும் எப்படியோ கண்டுபிடிச்சி, அறுபது பேரு வெயில்ல நின்னு படம் புடிச்சி, சட்டமும் போட்டுட்டாளுங்க. யாருடி சொன்னது?”

அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கூட்டம் உருகிப்போயிருந்தது. பத்மாவதி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தவறு செய்தால் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே டீச்சர்தான்.

“யாரும் சொல்லல டீச்சர்” என்றேன். மைக் என் குரலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. “அது இருபத்தஞ்சுதான். மாடி மாறிடுச்சி. உங்க வயசு எங்க யாருக்குமே தெரியாது டீச்சர்.” கொஞ்சம் நிறுத்தி, நியாயமாகச் சேர்த்தேன். “இப்ப நீங்க சொல்ற வரைக்கும்.”

வாசலோரம் நின்றிருந்த மணி அண்ணன் தன் தொழில் மானத்தைக் காப்பாற்ற எட்டிக் குரல் கொடுத்தார். “நீங்க அம்பத்ரெண்டு நின்னீங்க, நான் அம்பத்ரெண்டு எடுத்தேன். எம்மேல தப்பு கெடையாது.”

டீச்சர் பத்மாவதி அம்மாள் கையிலிருந்து படத்தை வாங்கினார். அப்படியே தலைகீழாகத் திருப்பினார். இருபத்தைந்து வந்துவிட்டது. என்ன, நாங்கள் அறுபது பேரும் ஆலமரத்து வௌவால்களைப் போலத் தலைகீழாகத் தொங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் டீச்சரின் தோள்கள்தான் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து சிரித்தார். அதன் பிறகு மண்டபத்தை அடக்க என் விசிலால்கூட முடியவில்லை. கூட்டத்தில் தேவியைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா” என்றாள் பெருந்தன்மையாக. “ஆனா நான் சொன்னேன் இல்ல?”

அந்தப் படம் இன்றும் அணியின் அறையில் வௌவால் வாக்கில்தான் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார்கள். டீச்சரின் உண்மையான பிறந்தநாளையும் அந்த வருடமே கண்டுபிடித்துவிட்டோம். ஒவ்வொரு வருடமும் கேக்கில் ‘52’ என்றே எழுதுகிறோம். பணி ஓய்வு பெற்ற பிறகும் அதே எண்தான். “மேடையில ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான்” என்பது அவர் கட்சி.

எங்கள் வீட்டில் அவ்வளவு கருணை கிடையாது. என் கல்யாணத்தில் எல்லோரும் மேடையேறிப் படத்துக்கு நின்றபோது, “தம்பி, நீங்க நிக்கிறதுதானே சரியான பக்கம்? எம்பொண்ண மட்டும் கேட்டுடாதீங்க” என்று படம் எடுக்க வந்தவரிடம் அம்மா சம்பந்திகள் முன்னால் சொன்னாள். அதோடு போனதா? நான் வாழ்க்கைப்பட்டது அம்பத்தூரில். அன்றிலிருந்து அண்ணன் என் ஊரை ‘அம்பத்ரெண்டூர்’ என்றுதான் சொல்வான்.

போன மாதம் அண்ணன் மகன், ஒன்றாம் வகுப்பு, அழுதுகொண்டே பள்ளியிலிருந்து வந்தானாம். ‘என் அத்தை அம்பத்திரண்டூரில் இருக்கிறார்’ என்று நோட்டில் எழுதியிருக்கிறான். மிஸ் சிவப்பு மையால் அடித்துத் திருத்திவிட்டார்களாம்.

“அத்த, எங்க மிஸ்ஸுக்கு ஊரு பேரே தெரில” என்று என்னிடம் போனில் முறையிட்டான். “நீ வந்து சொல்லு.”