அறுபது பங்குக்கு ஒரு அலங்கோலம்

க்ளைவ் நாற்காலிமேல் ஏறி நின்று வரவேற்பறைக் கூரைக்குத் தேநீர் பூசிக்கொண்டிருந்தான். பால் விடாத கறுப்புத் தேநீர், நான்கு பை போட்டு ஊறவைத்தது.

"மழைத்தண்ணி ஒழுகின கறை மாதிரி இருக்கா?"

அவன் மனைவி லொரெய்ன் அண்ணாந்து பார்த்தாள். "டீக்கறை மாதிரியே இருக்கு."

"அப்ப இன்னும் ரெண்டு பை போடு."

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் பேருந்து ஓட்டும் க்ளைவுக்கு அந்த மேல்மாடி வீட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு சொந்தம். மீதி அறுபது குடியிருப்புச் சங்கத்துடையது. அதற்கு மாதாமாதம் வாடகை. குழாய் உடைந்தால் மட்டும் செலவு நூறும் அவனுடையது. ஏப்ரல் வந்தால் வாடகை ஏறும். இப்படிப்பட்ட பங்கு வீடு சாதாரண ஜனங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று லண்டனில் அரசாங்கம் மூன்று வருடமாகக் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும்தான் இதுவரை எல்லோருக்கும் கட்டுப்படியாகியிருந்தது.

ஏப்ரலுக்குள் அந்த அறுபதையும் வாங்கிவிடுவது என்று க்ளைவ் முடிவுகட்டியிருந்தான். மதிப்பீட்டாளர் வந்து வீட்டைப் பார்த்து விலை சொல்வார். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு மலிவு. வங்கி தரச் சம்மதித்த கடனும் மலிவான விலைக்குத்தான் போதும். விலை கூடினால் ஆயுசுக்கும் வாடகைதான். அதனால்தான் ஹீட்டருக்குப் பின்னால் மூன்று நாளாக ஒரு கானாங்கெளுத்தி மீன் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

மதிப்பீட்டாளர் வரப்போவது இன்று காலை. சனிக்கிழமை வந்த ஒரு கடிதத்தை லொரெய்ன் அப்போதுதான் பிரித்தாள்.

"க்ளைவ், அமைச்சகத்திலிருந்து ஆள் வராங்களாம். பங்கு வீட்டுக்காரங்க எப்படி வாழறாங்கன்னு நேர்ல பார்த்துப் பேசணுமாம். அதுவும் இன்னைக்குக் காலையிலயாம்."

க்ளைவ் நாற்காலியிலிருந்து இறங்கினான். முகம் சுருங்கிவிட்டது. "அரசாங்கம் நம்ம நலத்தை விசாரிக்க வருதா? இது உளவு. பார்த்ததை அப்படியே சங்கத்துக்கிட்ட ஒப்பிச்சிடுவாங்க. வீட்டைப் பாழ் பண்றோம்னு நம்ம நாற்பதுக்கும் வேட்டு வச்சிடுவாங்க."

"அப்ப வீடு இப்ப மணக்கணுமா, நாறணுமா? அதைச் சொல்லு முதல்ல."

"வர்றது யாருன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

மணி அடித்தது. வாசலில் ஒரு பெண் கோப்புடன் நின்றாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"வணக்கம் சார். வீட்டைப் பார்க்க வந்திருக்கேன்."

இரண்டு பேருமே வீட்டைப் பார்க்கத்தானே வருகிறார்கள்?

"யாருன்னு கேளேன்" என்று லொரெய்ன் கிசுகிசுத்தாள்.

"கேட்டா, இவன் எதையோ ஒளிக்கிறான்னு சந்தேகப்படுவா. மீனை எடு!"

வீட்டை இழப்பதைவிட விலை கூடுவது மேல் என்று கணக்குப் போட்டு, க்ளைவ் அவளை நேராகச் சமையலறைக்கு நடத்தினான். லொரெய்ன் மீனைக் கம்பளிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள்.

"அலமாரி எல்லாம் போன வருஷம் போட்டது. குழந்தை மாதிரி பார்த்துக்கறோம்" என்றான் க்ளைவ்.

அவள் குழாயைத் திறந்து தண்ணீரில் விரலை வைத்தாள். "சுடுதண்ணி வருதே!"

"நினைச்ச நேரத்துக்கு வரும்!"

அவள் எழுதிக்கொண்டாள். அப்போது லொரெய்ன் கைபேசியை நீட்டியபடி வந்தாள். அமைச்சகத்தின் செய்தி: கலந்துரையாடல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

க்ளைவ் அதை இரண்டு முறை படித்தான். அப்படியானால் இவள்தான் மதிப்பீட்டாளர். வாயைக் கொடுத்து விலையை ஏற்றிவிட்டான்.

"மீனைக் கொண்டா!"

"இப்பதானே எடுக்கச் சொன்ன!"

"கொண்டான்னா கொண்டாயேன்!"

அவன் அந்தப் பெண்ணை வரவேற்பறைக்கு இழுக்காத குறையாக அழைத்துப் போனான். "சமையலறையைப் பார்த்து ஏமாந்துடாதீங்கம்மா. இங்கதான் இருக்கு எங்க கஷ்டம். மேல பாருங்க. ராத்திரியெல்லாம் ஒழுகுது."

சொல்லி வைத்தாற்போல் கூரை ஒரு சொட்டு விட்டது. அவள் கோப்பின்மேல் பழுப்பாக விழுந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்தாள். ஒழுகலுக்கென்று ஜோடித்து வைத்திருந்த வாளியை க்ளைவ் அவசரமாக நகர்த்தப் போய், அதில் காலை விட்டு, சோபாவில் மல்லாந்தான். அதே நேரம் லொரெய்ன் உள்ளே வந்தாள். கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து மீன் வழுக்கி, வந்தவளின் காலடியில் விழுந்தது.

"எலி கொண்டுவந்து போட்டிருக்கும்" என்றான் க்ளைவ், படுத்தபடியே.

அவள் மீனைத் தாண்டிப் போய்ச் சன்னலைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். விளக்கைப் போட்டு அணைத்தாள். ஒவ்வொன்றுக்கும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு எழுதினாள்.

"எழுதுங்கம்மா, ஒண்ணையும் விடாதீங்க" என்றான் க்ளைவ். அவனுக்கு நம்பிக்கை திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போனபோது லொரெய்னைப் பார்த்துக் கண்கூட அடித்தான்.

வாசலில் அவள் கோப்பை மூடினாள். "முறையான அறிக்கை தபால்ல வரும் சார். தோராயமா இப்பவே சொல்லிடறேன்."

சொன்னாள். வங்கியின் கடன் அதில் பாதி தூரம்கூட எட்டாது. லொரெய்ன் கதவைப் பிடித்துக்கொண்டாள். க்ளைவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அநியாயம்! ஒழுகுது, நாறுது, எலி மீன் சாப்பிடுது, கண்ணால பார்த்தீங்களே! இந்தக் குப்பைக்கா இந்த விலை?"

அவள் இரக்கத்தோடு அவன் தோளைத் தொட்டாள்.

"இந்த வாரம் உங்க கட்டடத்துல ஒன்பது வீடு பார்த்துட்டேன் சார், மனுஷங்க குடியிருக்கலாம்னு நான் எழுத முடிஞ்சது உங்களுது ஒண்ணுக்குத்தான்."