அண்ணியின் சிறுநீரகத்துக்கு ஒரு ஊசி

பெரிய காஞ்சிபுரம்,
ஐப்பசி 3.

மதிப்பிற்குரிய கமலவேணி அண்ணி அவர்களுக்கு,

அகிலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் தம்பியும், ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் அவருக்குக் கொடுத்த சிறுநீரகமும் நலம். அங்கு நீங்களும், உங்களிடம் மீதமிருக்கும் ஒன்றும் நலமா? போனில் பேசலாம் என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

விஷயம் ஃப்ளூ ஊசி. அறுவை முடிந்து மூன்று மாதம் ஆனதும், மழைக்காலக் காய்ச்சல் பரவுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க மாத்திரை கொடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது, தாமதித்தால் காய்ச்சல் முந்திக்கொள்ளும். மூன்று மாதம் புரட்டாசியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் தம்பி ஆடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் வீட்டுத் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றாத மாதம் எப்படி ஒரு மாதமாகும் என்கிறார். சரி, ஆடியைத் தள்ளினாலும் ஐப்பசி கடைசியில் போட்டாக வேண்டுமே என்றால், அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் கழித்துக் கார்த்திகை பத்தில் வந்து நிற்கிறார்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு தெருவில் பாவு நீட்டி, நூலுக்குக் கஞ்சி போட்டுக் காய வைப்பீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் நாள் பார்த்துத்தான் போடுவோம் என்றார்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, ஏன் இன்னும் போடவில்லை என்று டாக்டர் கேட்டார். இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எங்க அக்கா போன வருஷமே போட்டுக்கினாங்க சார். அப்போ இந்தக் கிட்னி அவங்ககிட்டதான் இருந்துது.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊசியின் பலன் கிட்னியோடு கூட வராது, தவிர இதை வருஷா வருஷம் போட வேண்டும் என்றார். “இந்த வருஷத்துக்குத்தான் தேதி பாத்துக்கினு இருக்கறேன் சார்” என்றார் இவர்.

இதற்கிடையில் சரிகை வியாபாரி பரசுராமன் மாமா வந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, இருமிக்கொண்டே நலம் விசாரித்தார். “ஊசியெல்லாம் எதுக்குப்பா? எனக்குப் பத்து நாளா ஜுரம் இருக்குது, ஒரு ஊசி போட்டனா?” என்றார். அவரை வாசலுக்கு அழைத்துப்போய் அங்கேயே காப்பியைக் கொடுத்தேன். அந்தக் கோபத்தில் உங்கள் தம்பி இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. மூன்று நாளாக நான் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அவருக்குப் பயமே இல்லை அண்ணி. பயப்படுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

ஆகவே நீங்கள் போன் செய்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற குரலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கரிநாளிலும் போவார்.

அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் உடம்பைக் காமாட்சி பார்த்துக்கொள்ளட்டும். தழும்பு அரித்தால் சொறிய வேண்டாம்.

அன்புடன்,
அகிலா

பி.கு.: நான் தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் உங்கள் தம்பி தானே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பரசுராமன் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம் (தேறிவருகிறார்). அதைக் கேட்டதும் இவருக்கு இன்றைக்கே நல்ல நாளாகிவிட்டது. வீட்டில் கூட இருப்பவரும் போட்டிருக்க வேண்டுமே என்று நர்ஸ் கேட்டனுப்பியிருக்கிறார். நான் இன்னும் போடவில்லை. ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அடுத்த வாரம் போகலாம் என்று தோன்றும். எனவே நீங்கள் போன் செய்ய வேண்டாம். செய்தால் அவர் போனை என்னிடம் கொடுத்துவிடுவார்.