ஆடியில் ஓர் அறை அலங்காரம்

புதிதாகக் கல்யாணமான ஆண்பிள்ளையின் கையில் இங்கிலீஷ் பத்திரிகை கிடைக்கக் கூடாது. அதுவும் மனைவி ஆடிக்குத் தாய்வீடு போயிருக்கும்போது கிடைக்கவே கூடாது. வீட்டில் தடுக்க ஆளிருக்காது. எனக்குக் கிடைத்தது. படித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் நான் குமாஸ்தா. செல்லூரில் ஒரு சந்துக்குள் குடித்தனம். ஓர் அறை, ஓர் அடுப்படி, இரண்டு பக்கமும் தறி. காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை தறிச் சத்தம் ஓயாது. வைகாசியில் கல்யாணமாகி அங்கேதான் பாக்கியத்தை அழைத்து வந்தேன். அவளுக்குச் சொந்த ஊர் வாடிப்பட்டி. ஆடி பிறந்ததும் மாமனார் வந்து முறைப்படி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். (புதுத் தம்பதியை ஆடியில் பிரித்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏன் என்று கேட்டால் பெரியவர்களுக்கு இருமல் வந்துவிடும்.)

அதுவரை பாக்கியம் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். "சாப்பாடு எடுத்து வைக்கவா?" "தண்ணி காஞ்சிருச்சு." "ம்." இதில் 'ம்' தான் அதிகம். கோபமெல்லாம் இல்லை, கூச்சம். எனக்கும் அதே வியாதிதான். இரண்டு கூச்சக்காரர்கள் ஒரே அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆவணி பிறந்தால் திரும்பி வருவாள், ஆனால் கடமைக்கு வருவாளோ என்று பயந்தேன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேச வேண்டும், ஒரு தடவையாவது என் எதிரில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அப்போது எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

இந்த நிலைமையில்தான் மேனேஜர் அறைக்கு வெளியே கிடந்த அந்தப் பத்திரிகையைப் புரட்டினேன். படுக்கையறையை ஐந்து புலன்களுக்கும் இதமாக அமைத்தால் கணவன் மனைவிக்குள் நெருக்கம் தானாக வளரும் என்று ஒரு கட்டுரை. மங்கலான வெளிச்சம் வேண்டும். அந்தி வானத்தின் நிறத்தில் சுவர். வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான திரை. காற்றில் சிணுங்கும் மணி. வாசனைப் புகை. தொட்டால் மெத்தென்று ஒரு விரிப்பு. கைக்கெட்டும் தூரத்தில் தேனும் பழமும். பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் புருஷனிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது படத்திலேயே தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் சிநேகிதன் காசியிடம் ஓடினேன். அவன் ரேடியோ செட் கடை வைத்திருந்தான். சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயில் கொடைக்கும் குழாய் ஸ்பீக்கர், சீரியல் பல்பு, தோரணம் எல்லாம் அவன்தான். அலங்காரம் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணன். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"மாப்ள, நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. தங்கச்சி உள்ள நொழஞ்சதும் அசந்து நிக்கணும், அம்புட்டுத்தான?" என்றான்.

"அசந்து நின்னா போதாதுடா. பேசணும்."

"பேசும்டா. ஊரே பேசும்."

அவன் வாய் முகூர்த்தம் அப்படியே பலித்தது.

அந்தி வானத்து நிறம் கேட்டு சுண்ணாம்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எதையெதையோ கலக்கிக் காட்டினார். ஈரத்தில் அந்தியாகத்தான் இருந்தது. காய்ந்ததும் கெட்டிக் காவி. வெளிச்சத்துக்குக் காசி தன் கடையிலிருந்தே சிவப்பு ஜீரோ வாட் பல்பு கொண்டுவந்து மாட்டினான். திரைக்குக் கோயிலுக்கு எதிரே துணிக்கடைகள் உள்ள புதுமண்டபத்தில் சிவப்பு வெல்வெட் வாங்கி அங்கேயே ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் வாழ்நாள் முழுவதும் சாமிக்குக் குடையும் தேரில் தொங்கும் தொம்பையும் தைத்த மனிதர். ஜன்னல் அளவைச் சொன்னேன், தலையாட்டினார். வாங்கப் போனபோது திரையின் அடியில் வரிசையாக ஜரிகைக் குஞ்சம் தொங்கியது. "சும்மா இருக்கட்டும் தம்பி, அம்சமா இருக்கும்" என்றார். அம்சமாகத்தான் இருந்தது.

காற்றில் சிணுங்கும் மணிக்குக் காசி ஒரு வெண்கல மணி கொண்டுவந்து வாசல்படிக்கு மேலே கட்டினான். வாசனைக்குச் சாம்பிராணி. தரையில் புது நுரை மெத்தை போட்டு, அதன்மேல் என் கல்யாணப் பட்டு வேட்டியை விரித்து, நாலு முழம் மல்லிகையை உதிர்த்துவிட்டேன். ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் பேரீச்சம்பழம், வாழைப்பழத் துண்டு, கற்கண்டு போட்டுத் தேனை ஊற்றினேன். பல்பைப் போட்டுப் பார்த்தோம். காசி தன்னை மறந்து கை கூப்பினான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ரசனை உள்ள பயல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. பாக்கியத்தை அவள் தம்பி சாயங்காலம் கொண்டுவந்து விடுவதாகத்தான் பேச்சு. ஒத்திகை பார்க்கலாம் என்று காலையிலேயே எல்லாவற்றையும் தயாராக வைத்துச் சாம்பிராணியைப் போட்டேன். புகை மண்டி வரும் நேரத்தில் வாசலில் மாமாவின் குரல்.

"மாப்ள! இருக்கீகளா?"

மாமா, அத்தை, நடுவில் பாக்கியம். மாமா கையில் அரிசி மூட்டை, அத்தை இடுப்பில் ஒரு கூடை, கூடைக்குள் எனக்கு விருந்து வைக்க ஒரு வெடக்கோழி. நல்ல நாள் என்று அவர்களே காலை பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா படியேறினார். நல்ல உயரம் அவர். மணி நேராக நெற்றியில் இடித்து டணார் என்று ஒலித்தது. மாமா தலை நிமிர்ந்தார். சிவப்பு வெளிச்சம், காவிச் சுவர், குஞ்சம் வைத்த வெல்வெட், புகை, பூ. கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார்.

அத்தை கோழிக் கூடையை அவசரமாகத் தெருவில் வைத்துவிட்டு வந்து கும்பிட்டாள். கிண்ணத்தைப் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். நான் ஒரு கரண்டி எடுத்துப் போட்டேன். (வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?) வாயில் போட்டு மீதியைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"எந்தச் சாமி மாப்ள? படத்தக் காணோமே?" என்றார் மாமா.

"படம் இனிமேத்தான் வரணும் மாமா."

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையை மட்டும் சொல்ல முடியாது. 'உங்கள் மகளோடு நெருக்கம் வளர்க்க' என்று மாமனாரிடம் சொல்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் கட்டுரை படிக்கிறேன்?

மாமா சுவரைத் தடவிப் பார்த்தார். விரலில் காவி ஒட்டியது. அவர் முகம் மாறியது.

"எங்க சித்தப்பாவும் இப்பிடித்தேன். மொதல்ல சுவத்துல காவி அடிச்சாரு. அப்பறம் வேட்டில. அப்பறம் ஆளையே காணோம்."

அத்தைக்கு இப்போதுதான் விஷயம் எட்டியது. "இருக்கது ஒரு ரூமு. அதச் சாமிக்குக் குடுத்துட்டா நீங்க எங்க படுக்கிறீக?"

"அடுப்படில" என்றேன்.

"எம் மக?"

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆடிக்கு அனுப்பிச்சு ஒரு மாசந்தேன் ஆச்சு, அதுக்குள்ள மனுசன் சாமியாராப் போயிட்டாரே! பாக்கியம், பெட்டியத் தூக்கு. ஊருக்குப் போவோம். பெரியவுகள வச்சுப் பேசிட்டு அப்பறம் பாப்போம்."

அவள் பேச வேண்டும் என்று இவ்வளவும் செய்தவன், அவளையே இழக்கப் போகிறேன்.

பாக்கியம் அவசரப்படவில்லை. உள்ளே வந்தாள். பல்பைப் பார்த்தாள். குஞ்சத்தைப் பிடித்துப் பார்த்தாள். மெத்தையை விரலால் அமுக்கினாள், அது மெதுவாக எழும்பியது. கிண்ணத்தில் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு மென்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். வேர்த்து விறுவிறுத்து நின்ற என் மூஞ்சியில் என்ன தெரிந்ததோ, ஒரே பார்வையில் அத்தனையும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றும் அவள்மேல் எனக்கு மலைப்புத்தான்.

"யாத்தா, சும்மா கத்தாத. நாந்தேன் செய்யச் சொன்னேன்" என்றாள்.

"நீயா?"

"வேண்டுதலு. என்னன்னு வெளிய சொல்லக் கூடாது. சொன்னாப் பலிக்காது."

"மெத்த எதுக்குடி?"

"சாமிய வெறுந்தரையிலயா உக்கார வைப்பாக? பூச வெள்ளிக்கெழம மட்டுந்தேன். நாங்க இங்கனயே படுத்துக்கலாம், தோசமில்ல. ஆனா வெளியாளுக உள்ள வரக் கூடாது. நீங்க பெத்தவுக, இன்னைக்கு ஒருநாப் பரவால்ல."

ஒரே மூச்சில் அறையையும் காப்பாற்றி, பூட்டும் போட்டுவிட்டாள். என்னிடம் 'ம்' தவிர எதுவும் சொல்லாத பெண்ணா இது! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாமாவுக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை. தெருவில் கோழி கத்தியது.

"அப்ப கறி?" என்றார்.

பாக்கியம் என்னை ஒரு நொடி பாவமாகப் பார்த்தாள். கதை நிற்க வேண்டுமே. "இவுக கவுச்சி தொடமாட்டாகப்பா" என்றாள்.

கோழிக் குழம்பு வாசனையில் சந்தே மணத்தது. நான் மோர் சாதம் சாப்பிட்டேன். மாமா எலும்பை உறிஞ்சிக்கொண்டே என் வைராக்கியத்தைப் பாராட்டினார்.

மத்தியான பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பிப் போனதும் பாக்கியம் கதவைச் சாத்தினாள். திரும்பி மணியைப் பார்த்தாள்.

"ஏங்க, இது எதுக்கு?"

"காத்துல ஆடுறதுக்கு."

"இம்புட்டுப் பெரிய மணியா? இது ஆடணும்னா வீடு ஆடணுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், மெத்தையில் விழுந்து சிரித்தாள். புகையில் மூச்சு முட்டுகிறது என்று வெல்வெட்டை அவிழ்த்து ஜன்னலைத் திறந்தாள். இரண்டு பக்கத் தறிச் சத்தமும் உள்ளே கொட்டியது. அவள் பேசுவது காதில் விழவில்லை என்று நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். நான் பேசுவது விழவில்லை என்று அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்துக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அவள் பேசப் பேசத்தான் தெரிந்தது, இவள் வாயை அடைத்து வைத்திருந்தது நானும் என் உம்மென்ற மூஞ்சியும்தான் என்று.

அதன் பிறகு வாடிப்பட்டியில் எனக்கு 'சாமி மாப்ள' என்று பேர். பொங்கலோ, காதுகுத்தோ, பந்தியில் ஊரே கறியும் எலும்புமாக இருக்க, எனக்கு மட்டும் தனி இலையில் சாம்பார். பாக்கியம் பொறுக்க மாட்டாமல் ஒரு சொம்பில் கறியைப் போட்டு மூடி, வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுவருவாள். நான் தொழுவத்து இருட்டில் வைக்கோல்மேல் உட்கார்ந்து அவசரமாகத் தின்பேன். அவள் வழியைப் பார்த்துக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் சொல்லுவாள். ஒருநாள் அத்தை பார்த்துவிட்டாள். போய் இன்னும் ரெண்டு துண்டு கொண்டுவந்து வைத்தாள். "மாமாவுக்குத் தெரிஞ்சிராம பாத்துக்கங்க" என்றாள். அப்படியே வருடக்கணக்கில் ஓடியது.

மைத்துனன் கல்யாணத்துக்கு மறுநாள் பெரிய கறி விருந்து. நான் பயபக்தியோடு சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். நடுப் பந்தியில் உட்கார்ந்திருந்த மாமா அடுப்படியைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"கறிய இன்னுங் கொஞ்சம் வேக விடுங்கத்தா! மாப்ள இருட்டுல உக்காந்து கடிக்கணும்ல!"

பந்தியே சிரித்தது. என்னைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. இப்போது மாமா இல்லை. ஆனால் கறி வேகும் நாளில் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் இலை போடுவதில்லை. எனக்கு முதலில் சாம்பார்தான் ஊற்றுகிறார்கள். தொழுவத்தில் மாடு கிடையாது, மைத்துனனின் டிராக்டர் நிற்கிறது. ஒளிந்து தின்ன ஒரு அவசியமும் இல்லை. ஆனாலும் பாக்கியம் சொம்பை மூடிக்கொண்டு கண்ணைக் காட்டுகிறாள். நானும் சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறேன்.