ஐந்து முறை செத்த ஸ்பார்க் பிளக்

ஞாயிற்றுக்கிழமை என்றால் சலீனாஸ் ஊர் மாதா கோயிலில் பாதி இடம் காலி. பக்தர்கள் எல்லாம் கடற்கரைச் சாலையில், மெக்கானிக் டான் கிரிசாந்தோவின் கொட்டகை முன்னால், வண்டிகளோடு வரிசையில் நிற்பார்கள். எல்லாம் பந்தயக் குதிரை மாதிரி வண்டிகள். வாரத்துக்கு ஒரு நாள் வெளியே வரும், மீதி நாள் போர்வைக்குள் தூங்கும்.

டான் கிரிசாந்தோ, அதாவது அந்த ஊர் மரியாதையில் கிரிசாந்தோ ஐயா, எஞ்சின்மேல் காது வைப்பார். கண்ணை மூடுவார். ஸ்பார்க் பிளக் எப்போது சாகும் என்று சொல்வார். மைல் கணக்கெல்லாம் பாமரர்களுக்கு. கண்ணாடிகூடப் போடமாட்டார், ஞானக்கண் உள்ளவருக்கு அது எதற்கு?

அந்த வரிசையில் பல் டாக்டர் எலியேசரும் நின்றார். படித்தவர். பிடுங்கிய பல்லைக் காட்டும்போது யாராவது, "இது என் பல்லுதானா டாக்டர்?" என்று கேட்டால், "உங்களை மாதிரி சந்தேகப் பிராணிகளாலதான் நாடு உருப்படல" என்று எரிந்து விழுவார். அப்பேர்ப்பட்ட அறிவாளி தன் சிவப்பு வண்டிக்கு ஒரு வருடத்தில் நான்கு முறை பிளக் மாற்றியிருந்தார். இன்று ஐந்தாவது.

வரும் சனிக்கிழமை மகள் யாரிமாருக்குக் கல்யாணம். அவளை அந்த வண்டியில் தானே ஓட்டிக் கொண்டுபோய்க் கோயிலில் இறக்கவேண்டும். அவள் பிறந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். டான் கிரிசாந்தோவோ, "கோயில் வாசல்ல நின்னுடும், டாக்டர்" என்று குண்டைப் போட்டிருந்தார்.

"அப்பா, வண்டி வாங்கி நாலு வருஷம். ஓடினது ஒன்பதாயிரம் மைல். ஆறு வருஷம் இல்லன்னா அறுபதாயிரம் மைல், எது முந்துதோ அப்ப மாத்தினா போதும்னு வண்டியோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு" என்றாள் கூட வந்த யாரிமார்.

"புத்தகத்துக்குக் காது இருக்கா? அவருக்கு இருக்கு. சும்மா இரு."

டான் கிரிசாந்தோ நான்கு பிளக்கையும் கழற்றினார். கறுப்புத் துணிக்குள் பொத்தி மந்திரம் முணுமுணுத்தார். துணி திறந்தது. நான்கும் கரிக்கட்டை. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

"செத்துப் பத்து நாளாச்சு" என்றார் டான். பிறகு பெட்டி திறந்து, பளபளவென்று நான்கு புதுப் பிளக்குகளை டாக்டர் கையில் கொடுத்தார். சொந்தக்காரர் அவற்றை நெஞ்சோடு அணைத்து வேண்டவேண்டும். அது அங்கே சம்பிரதாயம்.

அணைக்கப்போன டாக்டர் கண்ணில் ஏதோ கீறல் பட்டது. ஒவ்வொரு பிளக்கிலும் ஓர் எழுத்து. இரண்டில் பி, இரண்டில் ஓ.

"மாத்தி அடுக்குங்கப்பா" என்றாள் மகள்.

அடுக்கினார். போபோ. அந்த ஊர் ஸ்பானிஷில் மடையன் என்று அர்த்தம். தமிழில் படித்தாலும் போ, போ என்று விரட்டத்தான் செய்கிறது.

"கம்பெனி மார்க்" என்றார் டான், வேர்த்துக்கொண்டே.

"இல்ல. நேத்து நானே கழட்டி, எங்கப்பாவோட பல் குடையற மிஷின்ல கீறிட்டு மாட்டினேன். வண்டியிலேருந்து வந்த பிளக்குலதானே எழுத்து இருக்கணும்? அந்தக் கறுப்பு நாலையும் காட்டுங்க."

காட்டினார். ஓர் எழுத்தும் இல்லை. என்றைக்கோ ஏதோ லாரியில் செத்தவை. ஊரில் உள்ள அத்தனை வண்டிக்கும் துணிக்குள்ளிருந்து வந்தது அதே நான்கு பிணம்தான்; கழற்றிய பிளக்கே துடைத்துப் புதுசாகத் திரும்பிவந்தது.

"அப்ப என் வண்டிக்கு?" என்றது பின்னால் ஒரு குரல். "என்னுது ஏழு தடவைய்யா!" என்றது இன்னொன்று. டான் கிரிசாந்தோ ஓடிய ஓட்டத்தில் அன்று எந்தப் பந்தய வண்டியும் அவரைப் பிடித்திருக்காது.

டாக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நாலு எழுத்தையும் எனக்காகத்தானே கீறினே?"

"அவருக்குன்னு வச்சுக்கலாம்பா" என்றாள் மகள். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை அதே போபோ பிளக்குகளோடு வண்டி கோயில் வாசலில் நின்றது, அவர் பிரேக் போட்ட பிறகுதான். மகளுக்குக் கதவைத் திறந்தபோது அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை ஒரு கிழவி, பிடுங்கிய பல்லை உற்றுப் பார்த்தாள். "டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இது என் பல்லுதானா?"

"கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க" என்றார் எலியேசர். "நான் கேக்காததாலதான் என் பிளக்கையே எனக்கு நாலு தடவை வித்தான்."