வாத்தியாரின் வேகத்தடை

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை உலகமே இருண்டுவிட்டது. கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில் மச்சினன் அவரை மறுபடியும் தோற்கடித்துவிட்டான். அவன் மருந்துக்கடைக்காரன். லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில், நின்றுகொண்டிருந்த அதிகாரியின் காரிலேயே இடித்துவிட்டுத் திரும்பியவன். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதரை, அவன் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே முந்திப் போனான். போனதோடு விட்டானா? ஸ்பீக்கரில் கேட்டான்:

"அத்தான், வண்டியை பார்க் பண்ணிட்டீங்களா?"

அவர் பார்க் பண்ணவில்லை. கம்ப்யூட்டர் பண்ணியது. அவ்வளவு பழசு. வளைவு வந்தால் திரை உறைந்துவிடும். மறுபடி அசையும்போது கார் சுவருக்குள் இருக்கும்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்காமல் ஓய்வதில்லை என்று வாத்தியார் சபதம் செய்தார். மனைவியிடம் பணிவாக எடுத்துச் சொன்னார். அவளுக்கு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. ஊரார் முகத்துப் பருவையும் கருவளையத்தையும் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் திருத்துவாள்.

"அதுக்கு வயசாயிடுச்சும்மா. எழுந்திரிக்கவே நேரமாகுது. உட்கார்ந்த இடத்துல முனகுது. சட்டுனு சூடாகுது. ஞாபகசக்தி சுத்தமா இல்ல."

"இதெல்லாம் உங்களுக்கும் இருக்கு. நான் மாத்திட்டேனா?"

"கேமுக்காகச் சொல்லல. உன் வேலைக்காகச் சொல்றேன்."

"என் வேலை நல்லாத்தான் ஓடுது."

அதுதான் கோளாறு என்று வாத்தியாருக்குப் புரிந்தது. அவள் வேலை ஓடாமல் நின்றால்தான் புதுசு வரும். மறுநாள் அவள் ஸ்டுடியோவுக்குப் போனதும் காரியத்தில் இறங்கினார். கம்ப்யூட்டர் முதுகில் காற்று வெளியேறும் ஓட்டைகளில் பழைய பனியனைச் சுருட்டி அடைத்தார். பெட்டியைப் போட்டதுமே தானாக எழுந்து வரும்படி ஒரு படை புரோகிராம்களை ஏற்றிவைத்தார். செய்யும்போது மனசு குத்தத்தான் செய்தது. சிவப்பு விளக்கில் நிற்காமல் போனவர் மாதிரி வியர்த்துக் கொட்டியது.

சாயங்காலம் அவள் வேலையை ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்தது. பிறகு தானே அணைந்தது. வாத்தியார் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"பாவம். போய்ச் சேர்ந்துடுச்சு."

அவள் திரும்பினாள். அவர் முகத்தையே பார்த்தாள். முகம் பார்த்தே பிழைக்கிறவள்.

மறுநாள் அவர் வகுப்பு முடிந்து வந்தபோது கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேஜையில் வயிறு திறந்து கிடந்தது. மெல்லிய பிரஷ்ஷால் அவள் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பனியன், துவைத்து மடித்து இருந்தது.

"இது அதோட முதுகுல இருந்துச்சு."

"சளி பிடிக்காம இருக்கட்டும்னு..."

"நல்ல மனசு. ஸ்டுடியோவுல சும்மா கிடந்த மெமரி ஒண்ணை முதலாளிகிட்ட கேட்டு வாங்கி மாட்டிட்டேன். தானா வந்து உட்கார்ந்த கூட்டத்தையும் வெளியே அனுப்பிட்டேன். உங்க கேம்ல நிழல், புல்லு, மேகம் எல்லாத்தையும் குறைச்சாச்சு. ரோடு இருக்கு, கார் இருக்கு. ஓட்டுங்க."

கார் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. திரை உறையவில்லை. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வளைவு வந்தது. எத்தனையோ வருஷமாக மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கால், தரையை ஓங்கி மிதித்தது. கேமில் பிரேக் இருப்பது விரலில். கார் சுவரில் போய் நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் கால்தான் மிதித்தது.

"முன்னாடி மெதுவாப் போய் மோதுனீங்க," என்றாள் மனைவி. "இப்ப வேகமாப் போய் மோதுறீங்க."

இத்தனை நாள் தோற்றது கம்ப்யூட்டர். இனிமேல் தோற்கப் போவது அவர். பழி போட வீட்டில் வேறு யாரும் இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் எந்த மாணவன் அவரிடம் வண்டி கற்றுக்கொள்வான்?

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தார். அன்றைய தேதியில் ஒரு சாதனை நேரம். மச்சினனின் நேரத்தைவிடக் குறைவு.

"இது யாரு ஓட்டுனது?"

"சரியா வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டாமா? சும்மா ஓட்டிப் பார்த்தேன்."

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நீ ஓட்டு. என் பேர்ல."

"அப்ப என் வீட்டு வேலையெல்லாம்?"

"நான் பார்த்துக்குறேன்."

"வாரா வாரமுமா?"

அவர் சுவரைப் பார்த்தார். தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புறப்பட்ட கார் ஒரு வளைவிலும் தயங்கவில்லை. மருந்துக்கடைக்காரன் குரல் ஸ்பீக்கரில் கிறீச்சிட்டது.

"அக்கா! அத்தானா இது? பின்னிப் பெடலெடுக்கிறாரே! ஏன் பேசவே மாட்டேங்கிறார்?"

"வண்டி ஓட்டும்போது பேசக் கூடாதுடா. அவரே பாடம் எடுக்கிறவர், தெரியாதா?"

சமையலறையில் சோப்பு நுரையோடு ஒரு பாத்திரம் வாத்தியார் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

"என்னக்கா அங்க கடமுடான்னு சத்தம்?"

"உங்க அத்தான் கியர் மாத்துறார்டா," என்றாள் அவள்.