இடிவேந்தனா, கரும்புயலா?

உலகத்தில் மனிதர்களை எத்தனையோ வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் சேர்க்காமல் விட்டுவிட்ட இனம் ஒன்று உண்டு: இல்லாத வீரர்களின் பலத்தை அளப்பவர்கள். இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவனுக்கும் இவனுக்கும் நேருக்கு நேர் சண்டைன்னு வச்சுக்கோங்க, யாரு ஜெயிப்பா?" என்பார். தெரியாது என்று சொல்லிப் பாருங்கள். டீ ஆறிவிடும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தீபாவளி சீசனில் பெட்டி போட்டுக்கொண்டிருந்த பாலகுரு இந்த இனத்தில் அசல் ரகம். அவனுடைய வீரன் இடிவேந்தன். எந்தக் கதையிலும் வராதவன்; அணுகுண்டுப் பெட்டியில் ஒட்டும் லேபிளில் மட்டும் வாழ்பவன். முதுகில் பறக்கும் சிவப்புத் துணி, முறுக்கு மீசை, காலடியில் ஒரு மலை. அவ்வளவுதான் அவன் வரலாறு. அந்த உள்ளங்கை அகலப் படத்தை வைத்துக்கொண்டு, மலை சிறிதாகத் தெரிவதால் அவன் தலை மேகத்துக்கு மேலே, துணி பின்னால் பறப்பதால் அவன் காற்றை எதிர்த்துப் போகிறவன், மீசை கலையாததால் இன்றுவரை யாரிடமும் அடி வாங்காதவன் என்று பாலகுரு கண்டுபிடித்த உண்மைகளைக் கேட்டுக் கேட்டே கம்பெனியில் பாதிப் பேருக்குக் காது மந்தமாகிவிட்டது. வெடிச் சத்தத்தால் அல்ல.

எதிராளி கரும்புயல். அதே கம்பெனி, அதே அணுகுண்டு, வடக்கே போகும் ஆர்டருக்கு வேறு லேபிள். இரண்டு பெட்டியிலும் ஒரே குவியலிலிருந்து அள்ளி அடுக்குகிறவனே பாலகுருதான். அதைச் சொல்லிக் காட்டினால் அசருவானா?

"பெட்டிக்குள்ள ஏறிட்டா குண்டுக்கு வீரம் தன்னால வரும்லே" என்பான்.

லேபிள் வரையும் தனுஷ்கோடி ஒருநாள், பாலகுரு வாங்கிக்கொடுத்த வடையைத் தின்றுகொண்டே, "இடிவேந்தந்தாம்ப்பா பெரிய ஆளு" என்று சொல்லிவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? படைத்தவரே சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் முழங்கினான். அடுத்த மாதம் அதே தனுஷ்கோடி, வேறொருவர் வாங்கிக்கொடுத்த வடையைத் தின்றுகொண்டு, கரும்புயல்தான் பெரியவன் என்றார். பாலகுரு கலங்கவில்லை. "அது அவரோட சொந்தக் கருத்து" என்று முடித்துவிட்டான்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் கிடைப்பது லேசா? வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய், வயது முப்பதைத் தாண்டி, ஆனைக்குட்டத்தில் வள்ளித்தாய் என்ற பெண்ணின் வீட்டில் மட்டும் வரச்சொன்னார்கள். பஸ்ஸிலேயே அம்மா பேச்சியம்மாள் எச்சரித்தாள். "ஏலே, அங்கன போயி இடி கிடின்னு வாயத் தொறந்த, இதான் கடைசி. இனி உனக்குப் பொண்ணு கேட்டு நான் எந்த வாசப்படியும் மிதிக்க மாட்டேன்."

பாலகுருவும் பயந்துதான் போனான். பெண் வீட்டில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்ச்சுவரில் கரும்புயல் காலண்டர். அதை மாட்டியவர் பெண்ணின் அண்ணன் முனியராஜ்.

"மாப்ளே, எப்படி நம்ம ஆளு?" என்றார் முனியராஜ்.

நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம். பேச்சியம்மாள் மகனின் காலை மிதித்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா காலுக்குக் கீழ மலையக் காணமே."

பிடித்துக்கொண்டது. மலை தேவையா, பறக்கிறவனுக்குக் கால் எதற்கு என்று வாக்குவாதம் வளர்ந்து, பஜ்ஜி ஆறி, பெண்கள் முகம் வாடியபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்ணின் தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார். வேறு யார்? தனுஷ்கோடிதான்.

"ரெண்டும் ஒரே ஆளுய்யா. வடக்கத்திப் பார்ட்டி கறுப்பு கேட்டாக. துணிக்குக் கலர மாத்தி, மலையையும் மீசையையும் எடுத்துட்டேன். அம்புட்டுத்தான்."

சண்டை தீர்ந்தது என்று பேச்சியம்மாள் பெருமூச்சு விட்டாள். தீர்ந்தது உண்மைதான். இருவரும் ஒன்றுசேர்ந்து தனுஷ்கோடி மேல் பாய்ந்தார்கள்.

"மாமா, நீங்க வரைஞ்சதோட சரி. அவன் யாருன்னு உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் முனியராஜ்.

"அண்ணாச்சிக்கே தெரியாம அவரு கை வரைஞ்சிருக்கு" என்றான் பாலகுரு.

தனுஷ்கோடி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளையும் மச்சானும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே தட்டில் பஜ்ஜி தின்றார்கள். பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பப் பேசி முடிச்சிருவமா? பொண்ணு என்ன சொல்லுது?"

காபித் தட்டோடு நின்ற வள்ளித்தாய் லேசாகச் சிரித்தாள். "எங்க அண்ணனுக்கு ஏத்த ஆளு கெடச்சாச்சு அத்தை. எனக்குத்தான் இனிமே பாக்கணும்."

ஆக, அந்தச் சம்பந்தமும் முறிந்தது. எழுதுகிறவன் நானே சொல்கிறேன், முறிந்தது. ஆனால் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவள் சிரித்தாளே, பிடிக்காதவனைப் பார்த்து ஒரு பெண் சிரிப்பாளா, வாய் நிறைய அத்தை என்று வேறு கூப்பிட்டாளே, பிற்பாடு கல்யாணம் நடந்துதான் இருக்கும், இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று ஆதாரம் அடுக்குகிறீர்களா?

உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லையென்றால் கொஞ்சம் ஜாக்கிரதை.